இணைப்பை முதலில் வரையுங்கள்: ஒரே பலகையில் நீரும் மின்சாரமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் சர்வதேசக் கப்பல் எதுவானாலும், 500 மொத்தத் தொன்னுக்குக் குறையாததாக இருந்தால், அதில் ஓர் உலோகத் தட்டு கட்டாயம் இருக்கும். வெளிவிட்டம் 178 மில்லிமீற்றர், உள்விட்டம் 64 மில்லிமீற்றர், 132 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் 19 மில்லிமீற்றர் அளவில் நான்கு துளைகள். சர்வதேசக் கரை இணைப்பு என்று அதற்குப் பெயர். கப்பலில் தீப்பிடித்துப் பம்பிகள் நின்றுபோனால் கரையிலுள்ள தீயணைப்புக் குழாயை அந்தத் தட்டில் பூட்டி நீர் ஏற்றலாம். கப்பல் எந்த நாட்டில் கட்டப்பட்டது, கரைக்குழாய் எந்த நாட்டு அளவில் வார்க்கப்பட்டது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. கப்பலின் உள்குழாய்களும் கரையின் உள்குழாய்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அந்தத் தட்டு கோருவதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தை மட்டும் அது நிர்ணயிக்கிறது. நுண்பாய்ம சிப் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். சிப்பின் உள்ளே ஓடும் வாய்க்காலை மாதக்கணக்காகச் செதுக்கிவிட்டு, அது வெளியுலகைச் சந்திக்கும் இடத்தைக் கடைசி வாரத்தில் யோசிக்கிறார்கள். இந்த இயல் சொல்ல வருவது ஒன்றுதான்: பல சிப்களை ஒரு பலகையில் பூட்டி வேலை வாங்க விரும்பினால், முதலில் வரைய வேண்டியது இணைப்பு. சிப்பை அதற்குப் பிறகு வரையலாம்.

சிப் என்று இங்கே குறிப்பிடுவது பேர்ஸ்பெக்ஸ் போன்ற தகட்டில் தலைமயிர் தடிப்பிலிருந்து அரை மில்லிமீற்றர் வரை அகலமுள்ள வாய்க்கால்களைக் குடைந்து மூடிய சிறு துண்டை. ஒரு வேதியியல் ஆய்வுகூடத்தின் வேலை முழுவதையும் இப்படியொரு துண்டுக்குள் அடக்கலாம் என்ற எண்ணத்தை அன்ட்ரியாஸ் மான்ஸும் அவரது சகாக்களும் 1990இல் முன்வைத்தார்கள். திருகோணமலையில் அதற்கு வேலை இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. தம்பலகாமத்து வயல்களின் வடிநீர் தம்பலகாமக் குடாவுக்குப் போய், கிண்ணியாப் பாலத்தின் கீழாகக் கொட்டியாரக் குடாவைச் சேர்கிறது. வாடைக்காற்று மழை கொட்டும் மாதங்கள்தான் பெரும்போகத்தில் யூரியா வீசும் மாதங்களும். வயலிலிருந்து எவ்வளவு நைத்திரேற்று, எந்த மழைக்குப் பிறகு, எத்தனை மணி நேரத்தில் குடாவுக்கு வந்து சேர்கிறது என்பது மீனுக்கும் மட்டிக்கும் அவற்றை நம்பி வாழ்கிறவர்களுக்கும் நேரடியாகப் பொருள்படும் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சிப் விடை தரும் என்பது வெறும் நம்பிக்கையல்ல. இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனிலுள்ள தேசிய சமுத்திரவியல் நிலையத்தார் 2012இல் ஒரு கருவியைப் பற்றி வெளியிட்டார்கள். பேர்ஸ்பெக்ஸ் சிப்பில் நீரை எடுத்து, அதில் சோதனைப்பொருளைக் கலந்து, தோன்றும் நிறத்தின் செறிவை ஒளியால் அளப்பது அந்தக் கருவியின் வேலை. நைத்திரேற்றை லீற்றருக்கு 0.0016 மில்லிகிராம் வரை அதனால் கண்டுபிடிக்க முடிந்தது. சவுத்ஹாம்ப்டன் கழிமுகத்தில் அதை இறக்கியபோது, பலத்த மழைக்குப் பின் ஆற்றில் நீர்வரத்து கூடியதும் நைத்திரேற்றுக்கும் உவர்ப்புக்கும் இடையிலான தொடர்பு எப்படி மாறியது என்பதைத் தொடர்ந்து பதிவுசெய்தது. கொட்டியாரக் குடாவில் நாம் கேட்கும் கேள்வியும் அதுதான். ஆனால் அத்தகைய நிலையம் ஒன்றின் பட்டறையும் பொறியியலாளர்களும் பின்னால் நிற்கும்போது எல்லாவற்றையும் ஒரே சிப்பில் நெருக்கிக் கட்டலாம், வால்வுகளை அதன் மேலேயே பொருத்தலாம். ஒன்று கெட்டால் அடுத்ததைச் செய்துகொள்ள அவர்களால் முடியும். கோணேசபுரியிலுள்ள வளாகத்தின் மாணவரோ, ஒரு பாடசாலையின் விஞ்ஞானச் சங்கமோ, ஒரு மீனவர் சங்கத்துக்கு உதவும் தொழில்நுட்பவியலாளரோ செய்யும் கருவியில் அந்த வசதி இல்லை. மழைநாளில் மகாவலி கொண்டுவரும் சேறு நுழைவாயில் வடியை ஒரே நாளில் அடைத்துவிடலாம். ஒளி அளக்கும் பகுதியோ இரண்டு வருடம் உழைக்கும். இரண்டையும் ஒரே துண்டில் வைத்தால், வடி செத்த அன்று ஒளிப்பகுதியும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. ஆகவே பிரிப்பதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: ஆயுள் வேறுபடும் இடத்தில் மட்டும் பிரியுங்கள். வடி ஒரு சிப், உவர்ப்பு அளக்கும் மின்வாய்கள் ஒரு சிப், கலக்கும் வாய்க்கால் ஒரு சிப், ஒளிப்பகுதி ஒரு சிப். இந்த வேலைக்கு நான்கு போதும். அழகுக்காகப் பத்தாகப் பிரிக்கிறவர் பத்து ஒழுக்குகளை விலைக்கு வாங்குகிறார்.

நான்கு சிப்களையும் குழாய்களால் இணைத்தால் என்ன என்பது முதலில் எழும் யோசனை. குழாய் மலிவு, வளையும், எங்கும் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த யோசனை நிற்காது. அரை மில்லிமீற்றர் அகலமும் 100 மைக்ரோமீற்றர் உயரமும் 40 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட வாய்க்கால் ஒன்று 2 மைக்ரோலீற்றர் நீரைத்தான் கொள்ளும். அரை மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயை வெறும் 10 சென்ரிமீற்றர் வெட்டிப் பூட்டினால் அதற்குள் ஏறத்தாழ 20 மைக்ரோலீற்றர் நீர் நிற்கிறது. அதாவது சிப்பைவிடப் பத்து மடங்கு நீர் இணைப்பில் தேங்குகிறது. நிமிடத்துக்கு 10 மைக்ரோலீற்றர் ஓட்டினால், ஒவ்வொரு குழாயும் இரண்டு நிமிடப் பழைய நீரை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். நீங்கள் அளப்பது குடாவின் இப்போதைய நீராக இராது, முந்தைய மாதிரியும் இப்போதைய மாதிரியும் கலந்த ஒன்றாக இருக்கும். குழாய்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் தாமதமும் வேறுபடும். உவர்ப்பு சிப் காட்டும் எண்ணும் ஒளிச் சிப் காட்டும் எண்ணும் ஒரே நீரைப் பற்றியவை என்று சொல்ல முடியாமல் போகும். ஆகவே சிப்களுக்கு இடையிலான பாதையையும் ஒரு தடித்த பேர்ஸ்பெக்ஸ் தகட்டில் வாய்க்காலாகக் குடைந்துவிட வேண்டும். அந்தத் தகடுதான் தாய்ப்பலகை. கணினியின் தாய்ப்பலகையில் செப்புக் கோடுகள் செய்யும் வேலையை இங்கே வாய்க்கால்கள் செய்கின்றன. சிப்கள் அதன்மேல் கவிழ்ந்து படுக்கின்றன. பலகைத் துளையும் சிப்பின் துளையும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் ஓர் ஓ-றிங் மட்டுமே இருக்கிறது. அங்கே தேங்கும் கனவளவு சில மைக்ரோலீற்றர்தான்.

துளைகளை எங்கே வைப்பது என்பதைத் தன்னிச்சையாக முடிவுசெய்ய வேண்டாம். நுண்பாய்மக் கருவிகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான ஐ.எஸ்.ஓ. 22916 என்ற தரநிலை 2022இல் வெளிவந்தது. அதற்கு முன்பே 2016இல் அதே நோக்கத்துடன் ஒரு சர்வதேசப் பட்டறை உடன்பாடு எட்டப்பட்டிருந்தது. அதன் அடிப்படை எளிது: சிப்பின் ஒரு மூலையை ஆரம்பப் புள்ளியாகக் கொண்டு, துளைகளை 1.5 மில்லிமீற்றர் கட்டங்களின் சந்திகளில் வைக்க வேண்டும். நமது கைக்கு 1.5 மில்லிமீற்றர் மிக நெருக்கம், ஓ-றிங் வைக்க இடம் போதாது. ஆறு கட்டங்களைத் தாண்டி 9 மில்லிமீற்றருக்கு ஒரு துளை வையுங்கள். 96 குழிகள் கொண்ட ஆய்வுகூடத் தட்டுகளில் குழிக்குக் குழி உள்ள தூரமும் சரியாக 9 மில்லிமீற்றர்தான். அந்தத் தட்டுகளுக்காகச் செய்த கருவிகளும் பிற்காலத்தில் உங்கள் பலகையோடு பொருந்திப்போகும். ஓ-றிங்கின் தடிப்பு 1 மில்லிமீற்றர் என்றால், அது உட்காரும் குழியின் ஆழம் 0.75 முதல் 0.8 மில்லிமீற்றர். அப்போது றிங் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ அமுங்கும். இதைவிடக் குறைவாக அமுங்கினால் ஒழுகும், அதிகமாக அமுங்கினால் றிங் பிதுங்கி வாயை அடைக்கும். குழியைப் பலகையில் வெட்டுங்கள், சிப்பில் வேண்டாம். சிப் தூக்கியெறியப்படுவது, பலகை நிலைத்திருப்பது. துல்லியமான வேலையை நிலைத்திருப்பதில்தான் செலவழிக்க வேண்டும்.

இனி மின் இணைப்பு. ஒவ்வொரு சிப்பிலும் பொன்முலாம் பூசிய சிறு தளங்கள், பலகையின் பக்கத்தில் அவற்றைத் தொடும் சுருள்வில் ஊசிகள். மின்னணுக் கடைகளில் போகோ பின் என்று கேட்டால் கொடுப்பார்கள். செருகிப் பிடுங்கும் முள்ளிணைப்பிகளைவிட இவை மேல். சிப் கால் மில்லிமீற்றர் தள்ளி உட்கார்ந்தாலும் தொடும், ஓ-றிங் அமுங்கும் அளவு சற்று மாறினாலும் ஈடுகொடுக்கும். ஆனால் பலரும் தவறவிடும் ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. ஒவ்வோர் ஊசியும் ஏறத்தாழ முக்கால் நியூற்றன் விசையோடு சிப்பை மேலே தள்ளுகிறது. எட்டு ஊசிகள் சேர்ந்தால் 6 நியூற்றன். நீரின் பங்கு என்ன? வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமான ஒரு முழு அமுக்கத்தில் நீர் பாய்ந்தாலும், 3 மில்லிமீற்றர் விட்டத் துளையொன்றில் அது தரும் விசை ஒரு நியூற்றனைக்கூடத் தொடாது. சிப்பைத் தூக்குவது நீரல்ல, ஊசிகள். எட்டு ஊசிகளையும் சிப்பின் ஒரே ஓரத்தில் வரிசையாக வைத்தால் அந்த ஓரம் எழும்பும், சிப் சரியும், ஓ-றிங் ஒரு பக்கம் தளர்ந்து ஒழுகத் தொடங்கும். ஒழுக்கைக் கண்டவர் றிங்கை மாற்றுவார், குழியைத் திரும்ப வெட்டுவார், இரண்டு வாரம் போகும். பிழை மின்பக்கத்தில் இருப்பது தோன்றவே தோன்றாது. பலகையில் நீரிணைப்பையும் மின்னிணைப்பையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் வரைவதன் விளைவு இது. ஊசி வரிசைக்கும் ஓ-றிங் வரிசைக்கும் நடுவே அழுத்திப் பிடிக்கும் சட்டத்தின் திருகாணிகள் வர வேண்டும். ஊசிகளுக்கு அருகிலும் ஒரு திருகாணி வேண்டும். இரண்டு விசைகளையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கடல்நீர் தானே ஒரு மின்கம்பி. 25 பாகை வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் மீற்றருக்கு ஏறத்தாழ 5 சீமன்ஸ். மேலே சொன்ன 40 மில்லிமீற்றர் வாய்க்கால் கடல்நீரால் நிறைந்திருக்கும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே 160 கிலோ ஓம் தடைதான் இருக்கிறது. அதாவது உங்கள் சிப்கள் செப்புக் கோட்டால் மட்டும் இணைந்திருக்கவில்லை, வரைபடத்தில் நீங்கள் வரையாத ஒரு தடையாலும் இணைந்திருக்கின்றன. பிறகு பி.எச். சிப் ஒன்றையும் சேர்த்தால், அதன் கண்ணாடி மின்வாயின் உள்தடை நூறு மெகா ஓம் அளவில் இருக்கும். அதற்கு 160 கிலோ ஓம் என்பது குறுக்குச் சுற்றுக்குச் சமம். பக்கத்துச் சிப்பின் மின்வாயிலிருந்து கசியும் மின்னழுத்தம் நீர்வழியாகவே வந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். திருகோணமலையில் இது இன்னும் கூர்மையாகிறது. மகாவலி பெருகி வரும் நாளில் குடாவின் மேல்மட்டம் ஏறத்தாழ நன்னீராகிவிடலாம். ஆற்றுநீரின் கடத்துதிறன் கடல்நீரினதைவிட நூறு மடங்குக்கு மேல் குறைவு. ஆகவே வரையப்படாத அந்தத் தடையும் அன்று நூறு மடங்குக்கு மேல் ஏறுகிறது. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் சரிபார்த்த கருவி, கார்த்திகை வெள்ளத்தில் வேறு எண் சொல்லும். அந்த மாற்றத்தை நைத்திரேற்றின் மாற்றம் என்று வாசித்தால் முழு முயற்சியும் பொய்யாகும். தீர்வு பலகையில்தான் இருக்கிறது. மின்வாயுள்ள சிப்கள் அனைத்துக்கும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் நீருக்குப் புவித்தொடுப்புக் கொடுங்கள். ஒன்று அளக்கும்போது மற்றதன் மின்வாய்களைச் சுற்றிலிருந்து முழுவதும் கழற்றிவிடும் ஆளியை வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டிய அவசரம் நீரோட்டம் இவ்வளவு மெதுவாக உள்ள கருவியில் கிடையாது.

மின்சாரம் நீரைக் கெடுக்கும் வழியும் உண்டு. உவர்ப்பை நேரோட்டத்தால் அளக்க முயன்றால் மின்வாய்களில் மின்பகுப்பு நடந்து வாயு பிறக்கும், கடல்நீரில் குளோரீனும் வரும். நுண்வாய்க்காலில் ஒரு குமிழி சிறிய தொல்லையல்ல. நாம் எடுத்துக்கொண்ட வாய்க்காலில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலீற்றர் ஓட்டத் தேவையான அமுக்கம் 2 சென்ரிமீற்றர் நீர் உயரம் அளவே. அதே 100 மைக்ரோமீற்றர் உயரமுள்ள ஒடுக்கத்தில் மாட்டிக்கொண்ட குமிழியைப் பரப்பிழுவிசைக்கு எதிராகத் தள்ள 15 சென்ரிமீற்றர் நீர் உயரம் வரை தேவைப்படலாம். ஒரு குமிழி, ஏழு வாய்க்கால்களின் தடைக்குச் சமம். ஆகவே உவர்ப்பை ஆடலோட்டத்தால் மட்டும் அளவிடுங்கள், ஒரு கிலோ ஹேர்ட்ஸ் அளவிலோ அதற்கு மேலோ. வெயிலில் கிடக்கும் பெட்டியும் குமிழி தரும். குடாவின் நீர் 28 பாகையில் உள்ளே வந்து 40 பாகைப் பெட்டியில் சூடேறினால் கரைந்திருந்த வளி வெளியேறும். பெட்டிக்கு வெள்ளை நிறமும் நிழலும் பொறியியல் தேவைகள். வாய்க்காலின் உயரத்தைத் தீர்மானிக்கும்போதும் இரு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உயரத்தைப் பாதியாக்கினால் மின்தடை இரண்டு மடங்காகும், நீரோட்டத்துக்கான தடையோ ஏழு மடங்குக்கு மேல் ஏறும். மின்பக்கத்தை மட்டும் பார்த்து வாய்க்காலைச் சன்னமாக்குகிறவர் பம்பியை மாற்ற வேண்டி வரும். இரண்டு சென்ரிமீற்றர் நீர் உயரம் போதும் என்பதால், கிண்ணியாப் பாலத்தைப் போன்ற அசையாத இடத்தில் உயரத்தில் வைத்த ஒரு போத்தலே பம்பியின் வேலையைச் செய்யும். ஆடும் படகில் அது உதவாது, அங்கே சிரிஞ் பம்பிதான் வேண்டும்.

உப்புக்காற்று அடிக்கும் ஊரில் உலர்ந்த பக்கத்தை உலர வைத்திருப்பது தனி வேலை. நீரிணைப்புகள் கீழ்மட்டத்தில், மின்னிணைப்புகள் மேல்மட்டத்தில், இரண்டுக்கும் நடுவே பலகையில் ஒரு வடிகால் பள்ளம் வரட்டும். ஒழுகும் நீர் ஊசியை நோக்கி ஏறாமல் பள்ளத்தில் இறங்க வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஒரு துளி கடல்நீர் உட்கார்ந்தால் அங்கே தடை சில நூறு ஓம்தான். அதையே நமக்குச் சாதகமாகவும் மாற்றலாம். பள்ளத்தின் அடியில் இரண்டு வெற்றுச் செப்புக் கோடுகளை அருகருகே ஓடவிடுங்கள். அவற்றுக்கு இடையே தடை வீழ்ந்த கணத்தில் மின்வழங்கல் தானே துண்டிக்கப்பட வேண்டும். பெட்டிக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும், சுற்றுப் பலகைக்குப் பாதுகாப்பு மெழுக்குப் பூசப்படட்டும். ஊசிகளில் புவித்தொடுப்புக்குரியது மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருந்தால் சிப் உட்காரும்போது அது முதலில் தொடும், எடுக்கும்போது கடைசியில் விடும். இன்னொரு நாலு ஊசியை ஐ2சி தரவு வழிக்கு ஒதுக்குங்கள்: மின்வழங்கல், புவி, தரவு, கடிகாரம். ஒவ்வொரு சிப்பிலும் மலிவான நினைவகம் ஒன்றை வைத்து, அந்தச் சிப்பின் வகை, செய்த திகதி, சரிபார்ப்பு எண்கள் ஆகியவற்றை அதில் எழுதிவிட்டால், மழையில் நின்று சிப்பை மாற்றுகிறவர் எதையும் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. மாற்றக்கூடிய சிப் என்றால், தன் சரிபார்ப்பைத் தானே சுமந்து வருவதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவி புதிதாகப் பொய் சொல்லத் தொடங்கும்.

இத்தனை இணைப்புகளும் ஆபத்து அல்லவா, ஒற்றைச் சிப்பில் இந்தத் தொல்லைகளில் பாதி இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்கு சிப்களுக்குமான எட்டு வாய்களோடு சோதனைப்பொருள், கழிவு, சரிபார்ப்புக் கரைசல் ஆகியவற்றுக்கான நான்கு வாய்களும் சேர்ந்தால் பன்னிரண்டு இணைப்புகள் வரும். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக உட்காரும் என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டும் ஒருசேரச் சரியாக உட்காரும் வாய்ப்பு நூற்றுக்கு 89 மட்டுமே. ஒன்பது முறைக்கு ஒருமுறை எங்கோ ஒழுகும் என்பது அதன் பொருள். இதை மறைக்க முடியாது. ஆனால் ஒற்றைச் சிப் இந்த ஆபத்தை நீக்குவதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது. அதன் வடி அடைத்தால் எல்லாம் போச்சு. பலகையில் ஒழுகும் இணைப்பைக் கண்ணால் பார்க்கலாம், றிங்கை மாற்றலாம், பதினைந்து நிமிடத்தில் வேலை தொடரலாம். ஒற்றைச் சிப்பின் உள்ளே ஏற்பட்ட அடைப்பு எங்கே என்றுகூடத் தெரியாது. இங்கே வரும் நீர் சேறு சுமந்து வரும் நீர் என்பதால் பலகையின் பக்கமே நிற்கிறேன். சேறில்லாத மருத்துவமனை இரத்தச் சோதனைக்கு, ஒருமுறை பாவித்து எறிவதற்கு, ஒற்றைச் சிப்தான் சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உதிரிப்பாகங்கள் இங்கே கிடைக்காது, தரநிலைகளெல்லாம் ஐரோப்பியருக்கு என்ற தயக்கமும் உண்டு. தரநிலை என்பது எண்கள். 1.5 மில்லிமீற்றரை யாரும் இறக்குமதி செய்யத் தேவையில்லை. இணைப்பைத் துல்லியமாக வைத்துக்கொண்டால் மிகச் சாதாரணப் பொருளாலும் வேலை நடக்கும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் சாட்சி. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பார்கவா, தொம்சன், மால்ம்ஸ்டாட் மூவரும் 2014இல் முப்பரிமாண அச்சில் எடுத்த சிறு கட்டைகளைக் கோத்து நீர்ச்சுற்றுக்களைக் கட்டினார்கள். அவற்றின் ஓட்டத்தை மின்தடைகளைக் கணக்கிடும் முறையிலேயே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓவன்ஸும் ஹார்ட்டும் 2018இல் குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளிலேயே வாய்க்கால் வெட்டி, படலத்தால் மூடி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஓ-றிங் வைத்துக் காட்டினார்கள். லெகோவை அவர்கள் தேர்ந்த காரணம் கட்டைக்குக் கட்டை அதன் அளவு மாறாமல் இருப்பதுதான். நமக்குப் பேர்ஸ்பெக்ஸ் கிடைக்கிறது, லேசரில் எழுத்து வெட்டும் கடைகளும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: லேசரில் வெட்டிய பேர்ஸ்பெக்ஸ் ஓரத்தில் உள்ளிறுக்கம் இருக்கும், அதை மதுசாரத்தால் துடைத்தால் சிலந்தி வலை போல வெடிக்கும். 80 பாகை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்ட பின்பே கழுவுங்கள். பல நூல்கள் பரிந்துரைக்கும் பி.டி.எம்.எஸ். என்ற மென்சிலிக்கன் இந்த வேலைக்கு வேண்டாம். வளியையும் நீராவியையும் அது ஊடுருவ விடும், எண்ணெய் பட்டால் வீங்கும். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் கரையெல்லாம் படகு இயந்திரங்களும் உள்ள குடாவில் அதை நம்ப முடியாது.

மாதிரியைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதாதா என்றும் கேட்பார்கள். ஆய்வுகூட அளவீடு தேவை, சிப் அதற்கு மாற்றல்ல. கருவி சொல்லும் எண்ணை வாரத்துக்கு ஒரு போத்தலாவது எடுத்து ஆய்வுகூட எண்ணோடு ஒப்பிட்டாக வேண்டும். ஆனால் வெள்ளம் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. போத்தலுக்குள் உள்ள நுண்ணுயிர்களோ, குளிரூட்டாவிட்டால், பயணத்தின்போதே நைத்திரேற்றையும் அமோனியாவையும் மாற்றிவிடுகின்றன. மணிக்கு ஒருமுறை அளக்கும் கருவியும் வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் போத்தலும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் பலகையை மேசையில் சோதியுங்கள். முதலில் நிறமூட்டிய நன்னீர், ஒரு நாள் முழுவதும், ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளைத் தாள். அடுத்து உண்மையான கடல்நீர், ஊசிகள் எல்லாவற்றுக்கும் மின் கொடுத்த நிலையில். மூன்றாவதாக, இதுதான் பலரும் செய்யாதது, கடல்நீரிலிருந்து ஆற்றுநீருக்கு ஓட்டத்தை மாற்றி, நைத்திரேற்று எதுவும் சேர்க்காமல், எண்கள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் அது நீரின் வழியே கசியும் மின்சாரமாகவோ, இரண்டு நீர்களின் முறிவுச்சுட்டி வேறுபாட்டால் ஒளி வளைவதாகவோ இருக்கும். முன்னதைப் புவித்தொடுப்பாலும், பின்னதை ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் சோதனைப்பொருள் கலக்காத அதே நீரின் ஒளி அளவைக் கழிப்பதாலும் சரிசெய்யலாம். கழிவு வாயில் ஒரு பையைக் கட்டுங்கள். நைத்திரேற்றை ஒடுக்கக் கட்மியம் பாவிக்கும் முறையை விட்டு வனேடியம் குளோரைட்டு முறைக்குப் போங்கள். அந்தப் பை நிறைந்தாலும் குடாவுக்குள் ஒரு துளிகூடப் போகக்கூடாது. காப்பாற்ற வந்த நீரில் நஞ்சை ஊற்றுவதற்கு எந்த அளவீடும் ஈடாகாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பலகையின் அளவுத்தாளை, ஆரம்ப மூலை, துளைகளின் இடங்கள், ஓ-றிங் அளவு, ஊசிகளின் வரிசை, எது புவி, எது தரவு என்பவற்றோடு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். அதன் பிரதியை மூதூரில், கிண்ணியாவில், நிலாவெளியில் யார் கேட்டாலும் கொடுங்கள். உங்கள் சிப்பின் உள்வாய்க்காலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், இணைப்பின் அளவுகளை மட்டும் மறைக்காதீர்கள்.